உப்புக் கூடினால், மாவு புளித்தால், தேங்காய்ப்பால் திரிந்தால்: வீட்டுச் சமையலில் பிழை நீக்கும் வழிமுறை

சமையல் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும் கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவுக்கோ தண்ணீர்க் குவளைக்கோ போகும். அதற்கு முன் அடுப்பை அணையுங்கள். அரைக் கரண்டிக் குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு ருசி பாருங்கள். கொதிக்கிற குழம்பில் உப்பும் புளிப்பும் சரியாகப் பிடிபடாது. சூட்டையும் மிளகாயின் எரிச்சலையும் நாக்கில் ஒரே நரம்பு உணர்விதான் உணர்கிறது. அதனால் சுடச்சுட ருசி பார்த்தால் காரம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். எந்தத் திருத்தத்தையும் அந்தக் கிண்ணத்தில் முதலில் செய்து பாருங்கள். கிண்ணத்தில் சரியாக வந்தால் பானையில் செய்யலாம்.

கையில் இல்லாத பொருளுக்கு மாற்று தேடும்போதும் இதே நிதானம் வேண்டும். அந்தப் பொருள் அந்தச் சமையலில் என்னென்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். புளி, குழம்புக்குப் புளிப்பும் நிறமும் கொஞ்சம் கெட்டித்தன்மையும் தருகிறது. எலுமிச்சை அந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்யும். மற்ற இரண்டையும் வேறு எதிலிருந்தாவது எடுக்க வேண்டும். கீழே வரும் மாற்றுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகின்றன.

குறிப்பில் உள்ளபடியே அளந்தும் சோறு குழைகிறது, மாவு தண்ணீராகிறது

முதலில் கப்பைப் பாருங்கள். சிங்கப்பூரில் வாங்கும் மின்சாரச் சோற்றுப் பானையோடு வரும் பிளாஸ்டிக் கப்பின் கொள்ளளவு 180 மில்லி. சமையல் குறிப்புகளில் ‘ஒரு கப்’ என்றால் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. அரிசியை அந்தப் பிளாஸ்டிக் கப்பிலும் தண்ணீரை 240 மில்லி டம்ளரிலும் அளந்தால் 1-க்கு 2 என்ற கணக்கு 1-க்கு 2.67 ஆகிவிடும். சோறு குழையாமல் என்ன செய்யும்? எந்தக் கப்பானாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாது. உப்பு, சோடா, வெந்தயம் போன்றவற்றை மட்டும் கப் சிறியதானால் முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பானையின் உள்ளே போட்டிருக்கும் கோடுகளும் அந்த 180 மில்லிக் கப்புக்கும் சாதாரண வெள்ளை அரிசிக்கும்தான். பொன்னிப் புழுங்கலை அந்தக் கோட்டை நம்பி வைத்தால் விதைவிதையாக நிற்கும். தாய்லாந்து மல்லிகை அரிசிக்கு 1-க்கு 1 அல்லது 1¼ தண்ணீர் போதும். பாசுமதிக்கு 20 நிமிடம் ஊறவைத்து 1½. பொன்னிப் புழுங்கலுக்கு 2½ முதல் 3.

சோறு ஏற்கெனவே குழைந்துவிட்டதா? மூடியைத் திறந்து, அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே 10 நிமிடம் வையுங்கள். கரண்டியால் கிளறினால் இன்னும் மசியும். அப்படியும் ஒட்டினால் அன்றைக்குத் தயிர்ச்சோறு அல்லது சாம்பார்சாதம் என்று மாற்றிக்கொள்வது நல்லது.

இட்லி மாவு

சிங்கப்பூரில் மாவு பொங்காமல் போவது குறைவு. அளவுக்கு மீறிப் புளிப்பதுதான் அதிகம். சமையலறையின் சூடு 28 முதல் 31 டிகிரி வரை இருப்பதால் 7 முதல் 9 மணி நேரத்தில் மாவு தயாராகிவிடும். மாலை 6 மணிக்கு அரைத்து வைத்துவிட்டுக் காலை 7 மணிக்குப் பார்த்தால் 13 மணி நேரம் ஆகியிருக்கும். மாவு உப்பி, பின் அமர்ந்து, மேலே நீர் கோத்திருக்கும். இரவு 10 மணிக்கு அரையுங்கள். முன்னதாக அரைக்க வேண்டியிருந்தால் மாவு இரு மடங்காகும் நேரத்துக்குக் காத்திருந்து, உடனே கிளறாமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அங்கேயும் புளிப்பு நிற்காது, மெதுவாகத்தான் ஏறும். 4 நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

மாவு பொங்கவே இல்லை என்றால் உளுந்து பழசாக இருக்கலாம், அல்லது மிக்சியின் சூடு மாவைக் கெடுத்திருக்கலாம். மிக்சியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விட்டு, 30 விநாடி ஓட்டி 30 விநாடி நிறுத்தி அரைக்க வேண்டும். கிரைண்டரில் 4 பங்கு புழுங்கலரிசிக்கு 1 பங்கு உளுந்து தாங்கும். மிக்சியில் உளுந்து அவ்வளவு உப்பாது, அதனால் 3-க்கு 1. உளுந்து போதுமான அளவு அரைபட்டதா என்று அறிய ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, விரல் நுனியில் மாவைத் தொட்டு ஒரு சொட்டு விடுங்கள். நன்றாக அரைபட்ட மாவு பஞ்சு உருண்டைபோல் மேலே மிதக்கும், ஓரம் கலையாது. அடியில் போய் உட்கார்ந்தாலோ பால்போல் தண்ணீரில் பரவினாலோ இன்னும் அரைக்க வேண்டும் அல்லது தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இட்லி கல்லாக வந்தால் காரணம் அரிசி மிகுதி. மீதி மாவைக் கொட்ட வேண்டாம். கால் கப் உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பொங்கப் பொங்க அரைத்து, மீதி மாவில் கையால் மேலிருந்து கீழாகப் புரட்டிக் கலந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்து ஊற்றுங்கள். உளுந்து இல்லையென்றால் அரை கப் அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்து அரைத்துச் சேர்க்கலாம். அதே மென்மை வராது, ஆனால் கல் இளகும்.

இட்லி தட்டையாகப் படர்ந்தால் மாவில் தண்ணீர் மிகுதி. ஒரு கப் மாவுக்கு 2 மேசைக்கரண்டி வறுத்த ரவை சேர்த்து 20 நிமிடம் வைத்தால் மாவு இறுகும்.

இட்லி பிசுபிசுவென்று தட்டில் ஒட்டினால், என்ன அரிசி போட்டீர்கள் என்று பாருங்கள். மல்லிகை அரிசியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவு, அதனால்தான் அதன் சோறு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. அதே குணம் இட்லியில் பிசுபிசுப்பாக வரும். லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் இட்லி அரிசி வாங்க நேரமில்லாத வாரத்தில் மல்லிகை அரிசியைத் தோசைக்கு வைத்துக்கொண்டு, இட்லிக்கு இட்லி ரவை 2 பங்கு, உளுந்து 1 பங்கு என்று போவது மேல். சரியான அரிசி போட்டும் ஒட்டுகிறது என்றால் இறக்கியவுடன் எடுக்கிறீர்கள். 10 முதல் 12 நிமிடம் வெந்ததும் இறக்கி, 4 நிமிடம் ஆறவிட்டு, தண்ணீரில் நனைத்த கரண்டியால் எடுங்கள்.

புளித்துப்போன மாவில் ஆப்பசோடாவை அள்ளிப் போடுவது வேண்டாம். 4 கப் மாவுக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் இட்லி மஞ்சளாகி, வாயில் சவர்க்கார வாடை நிற்கும். ஒரு கப் மாவுக்கு 2 மேசைக்கரண்டி அரிசிமாவும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துப் புளிப்பை நீர்க்கச் செய்து, வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி வதக்கிப் போட்டு ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ சுடுங்கள்.

தோசை

கல்லில் ஒட்டினால் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, கல் முழுவதும் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று உடனே ஆவியாக வேண்டும். முத்துமுத்தாக உருண்டு ஓடினால் சூடு மிகுதி, மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும்.

நிறமே ஏறாமல் வெள்ளையாக வந்தால் அரைக்கும்போது ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு சேர்க்கவில்லை என்று பொருள். இப்போதைக்கு 3 கப் மாவுக்கு அரைத் தேக்கரண்டி சீனி போதும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை 30 நிமிடம் வெளியே வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

மின்தூண்டல் அடுப்பில் நடு மட்டும் சிவந்து ஓரம் வேகாமல் இருப்பது மாவின் குற்றமன்று. அடுப்பின் சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கல் நேரடியாகச் சூடாகும். இரும்புக்கல்லை மிதமான சூட்டில் 5 நிமிடம் காயவிட்டு, தோசையைச் சுருளின் அகலத்துக்கு மேல் இழுக்காமல் ஊற்றுங்கள். வெறும் அலுமினியக் கல் அதில் சூடே ஆகாது.

உப்புக் கூடிவிட்டது

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. உப்பு கலந்த குழம்பையே உறிஞ்சும். மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத கிழங்கும் அதனோடு ஊற்றும் தண்ணீரும் மொத்த அளவைக் கூட்டுவதால்தான் கொஞ்சம் குறைந்ததுபோல் தெரிகிறது.

உண்மையான வழி அளவைக் கூட்டுவதுதான். ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். ஒரு லிட்டர் குழம்புக்கு 8 முதல் 10 கிராம் சரியாக இருக்கும். கைதவறி இரண்டு முறை போட்டிருந்தால் குழம்பும் இரண்டு மடங்காக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. பாதியை எடுத்து டப்பாவில் ஊற்றி உறையவைத்துவிட்டு, மீதியில் உப்பில்லாமல் வேகவைத்த பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவையுங்கள். உறைந்த பாதி அடுத்த வாரச் சாம்பாருக்கு அடித்தளமாகும், அன்றைக்கு உப்பு போட வேண்டாம்.

கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்றால் கால் கப் தேங்காய்ப்பாலோ, அரைத் தேக்கரண்டி வெல்லமோ, சில சொட்டு எலுமிச்சையோ கரிப்பை மறைக்கும். பொரியலில் கூடினால் உப்பில்லாத துருவிய தேங்காய், அல்லது அதே காயை இன்னும் ஒரு கைப்பிடி தனியாக வேகவைத்துச் சேருங்கள். நெத்திலிக் கருவாடு போட்ட குழம்பில் உப்பு அடிக்கடி தப்புவதற்குக் காரணம் கருவாட்டை அலசாமல் போடுவதுதான். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு தண்ணீரில் அலசிப் போடுங்கள். குழம்புக்கான உப்பைக் கடைசி 5 நிமிடத்தில் ருசி பார்த்துச் சேருங்கள்.

காரம் தாங்கவில்லை

மிளகாயின் எரிப்புப்பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே தண்ணீர் ஊற்றுவதால் குழம்புதான் நீர்க்கும். தேங்காய்ப்பால், தயிர், முந்திரி விழுது, நெய் இவற்றில் குழம்போடு ஒத்துப்போவதைச் சேருங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பச்சைமிளகாய் இல்லை என்று சிலி பாடி என்னும் சின்னக் காரமிளகாயை அதே எண்ணிக்கையில் போடுவது. மூன்று பச்சைமிளகாய்க்கு ஒரு சிலி பாடி போதும். அதையும் கீறாமல் முழுசாகப் போட்டால் வேண்டியபோது எடுத்துவிடலாம்.

புளி இல்லை, அல்லது புளிப்பு ஏறிவிட்டது

எலுமிச்சை அளவுப் புளி என்பது 25 முதல் 30 கிராம். அது வீட்டில் இல்லாதபோது பேரங்காடியில் கிடைக்கும் அசாம் கெப்பிங் மீன்குழம்புக்கு நல்ல மாற்று. பெயரில் புளி என்று இருந்தாலும் அது புளியமரத்தோடு தொடர்பில்லாத பழத்தின் உலர்ந்த வில்லை; கேரளத்துக் குடம்புளிக்குச் சொந்தம். அரைக் கிலோ மீனுக்கு 3 வில்லை, கொதிக்கும் குழம்பில் நேரடியாகப் போடுங்கள். அது நிறமும் தராது, கெட்டியும் ஆக்காது. அதனால் ஒரு தக்காளியும் அரை வெங்காயமும் கூடுதலாக வதக்கி அரைத்து ஊற்ற வேண்டும். புளிப்பு போதும் என்று பட்ட நொடியில் வில்லைகளை எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் மறுநாள் குழம்பு வாயில் வைக்க முடியாத அளவு புளிக்கும்.

ரசத்துக்கு அசாம் கெப்பிங் சரிப்படாது. அதற்கு நன்கு பழுத்த 3 தக்காளியைக் கையால் பிசைந்து கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்தபின் லிமாவ் கஸ்தூரி இரண்டைப் பிழிந்துவிடுங்கள். அந்தச் சின்ன எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்க் கசப்பு மட்டும் நிற்கும்.

புளிப்பு ஏறிவிட்டால் இன்னும் கொதிக்கவிடக் கூடாது, சுண்டச் சுண்டப் புளிப்பு கூடும். சில நேரம் நாக்கில் உறைப்பது புளிப்பாக இல்லாமல் புளியின் பச்சை வாசனையாக இருக்கும். அதற்கு மட்டும் 8 நிமிடக் கொதி வேண்டும். முகர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிஜமான புளிப்பு என்றால் வெல்லம், ஒவ்வொரு அரைத் தேக்கரண்டியாக. வெல்லம் இல்லாத வீட்டில் கூலா மலாக்கா இருக்கும். அது தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சுவது, எடைக்கு எடை அப்படியே மாற்றலாம். வத்தக்குழம்புக்கு அதன் கருகல் வாசனை மிகவும் பொருந்தும். மோர்க்குழம்பில் மட்டும் போட வேண்டாம், நிறம் அழுக்காகிவிடும்.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது

முதலில் திரிந்ததா, எண்ணெய் பிரிந்ததா என்று பாருங்கள். மேலே சிவந்த எண்ணெய் தெளிவாக மிதந்து, கீழே மசாலா வழவழவென்று இருந்தால் அது குழம்பு பதத்துக்கு வந்த அடையாளம். நம் மலாய் அண்டைவீட்டார் ‘பெச்சா மின்யாக்’ என்று சொல்லிக் காத்திருக்கும் பதம் அதுதான். திரிந்த குழம்பு வேறு மாதிரி இருக்கும். கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பாருங்கள்: தண்ணீர் முன்னால் ஓடும், அதன் பின்னால் பன்னீர் உதிர்த்ததுபோல் வெள்ளைத் துகள்கள் கரண்டியின் குழியில் ஒட்டி நிற்கும்.

காரணம் மூன்று. தளதளவென்று கொதித்தது, புளித்தண்ணீரோடு ஒன்றாகக் காய்ந்தது, அல்லது குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பால் கொதிக்கும் குழம்பில் அப்படியே விழுந்தது. தேங்காய்ப்பால் என்பது கொழுப்பும் தண்ணீரும் கொஞ்சம் புரதத்தின் பிடிப்பில் சேர்ந்து நிற்பது. சூடோ புளிப்போ அந்தப் புரதத்தைத் திரட்டிவிட்டால் பிடி விட்டுப்போகும்.

சரிசெய்ய, அடுப்பை அணைத்து, மீன் அல்லது காய்த் துண்டுகளைத் தட்டில் எடுத்து வையுங்கள். ஒரு கப் குழம்பை எடுத்து ஆறவிட்டு, 2 மேசைக்கரண்டிப் புதிய தேங்காய்ப்பாலும் ஒரு தேக்கரண்டிச் சோளமாவும் சேர்த்து மிக்சியில் 15 விநாடி ஓட்டுங்கள். சூடான குழம்பை மூடிய மிக்சியில் ஓட்டினால் மூடி தெறிக்கும், அதனால் ஆறவிடுவது முக்கியம். அதை மெல்லிய தாரையாகப் பானையில் ஊற்றி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் அணைத்துவிட்டுத் துண்டுகளைத் திரும்பப் போடுங்கள். முழுவதும் பழையபடி ஆகாவிட்டாலும் தட்டில் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் நிச்சயம்: திரிந்த குழம்பு கெட்ட குழம்பு அன்று, சாப்பிடலாம்.

அடுத்த முறைக்கு: புளி முழுவதும் கொதித்து அடங்கியபின், அறைச்சூட்டில் இருக்கும் பாலில் ஒரு கரண்டிச் சூடான குழம்பைக் கலந்து, அந்தக் கலவையைக் கடைசியில் ஊற்றுங்கள்.

200 மில்லிப் பொட்டலம் ஏறக்குறைய ஒரு நடுத்தரத் தேங்காயின் முதற்பாலுக்கு ஈடு. ‘க்ரீம்’ என்று போட்டிருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கலாம். ஈரச்சந்தையில் கண்முன் துருவித் தரும் தேங்காயை வாங்கினால் அன்றே பிழிந்துவிடுங்கள், இந்த வெக்கையில் அரை நாளிலேயே வழவழத்துப் புளித்த வாடை வந்துவிடும்.

எதுவுமே இல்லாத நாளில் 15 முந்திரியை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, 150 மில்லித் தண்ணீரோடு அரைத்து ஊற்றி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய் விடுங்கள். முந்திரியும் இல்லை, மலாய்ச் சமையலில் அரைத்துப் போடும் புவா கெராஸ் (candlenut) கொட்டைதான் இருக்கிறது என்றால் 6 கொட்டை போதும். ஆனால் அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, வயிற்றைப் புரட்டும். விழுதை எண்ணெயில் வதக்கி, குழம்போடு நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். டின்னில் வரும் கெட்டிப்பாலில் சீனி சேர்க்காத வகை குருமாவுக்கு உதவும், புளி சேர்ந்த குழம்புக்கு உதவாது. தேங்காய்ப்பாலைவிட வேகமாக அது திரியும்.

மீன் உடைந்து முள்ளும் சதையுமாகப் போகிறது

துண்டின் கனம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உப்பும் மஞ்சளும் தடவி 15 நிமிடம் வைத்தால் சதை இறுகும். உறைந்த மீனை வெந்நீரில் போட்டு இளக்குவதுதான் பல வீடுகளில் உடையக் காரணம். முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். குழம்பு முழுவதும் தயாரானபின் மீனைப் போட்டு, கரண்டியை உள்ளே விடாமல் பானையின் இரு காதையும் பிடித்துச் சுழற்றுங்கள். துண்டு மீனுக்கு 6 முதல் 8 நிமிடம். நடுமுள்ளை ஒட்டிக் கத்தி நுனியை நுழைத்துப் பார்த்தால் சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெள்ளையாகி, முள்ளைவிட்டு லேசாக விலகும். அப்போது அணைத்துவிடலாம், மிச்சத்தைப் பானையின் சூடே பார்த்துக்கொள்ளும்.

1949-இல் எம்.ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் மீன்தலைக் கறிக்குச் சிவப்பு மீனின் தலை, நம் மொழியில் சங்கராவின் குடும்பம். தலைக்கு 12 முதல் 15 நிமிடம் வேண்டும். வெண்டைக்காயைத் தலையோடு ஒன்றாகப் போட்டால் அது வழவழத்துக் குழம்பு நூலிழுக்கும். தனியாக எண்ணெயில் சுருள வதக்கி, கடைசி 5 நிமிடத்தில் சேருங்கள்.

வேகும்போது துண்டுகளாக உடையாமல், மாவாக உதிர்ந்தால் மீன் பழசு. அதற்குச் சமையலில் மருந்து கிடையாது.

துவரம்பருப்பு வேகவே இல்லை

புளியோ தக்காளியோ சேர்த்து வேகவைத்திருந்தால் அதுதான் காரணம். புளிப்பு பருப்பின் சதையை இறுக்கிவிடும். அப்படி இல்லையென்றால் பருப்பு நாள்பட்டது. ஒரு கப் பருப்புக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் அரை கப் வெந்நீரும் விட்டு இன்னும் 3 விசில் வையுங்கள். அடுத்த முறை 30 நிமிடம் ஊறவையுங்கள். துவரை தீர்ந்துபோன நாளில் மைசூர்ப்பருப்பு குக்கர் இல்லாமலே 15 நிமிடத்தில் கரையும். சாம்பார் சீக்கிரம் கெட்டியாகும் என்பதால் தண்ணீரை அரை கப் கூட்டுங்கள். துவரையின் மணம் வராது. ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தைக் கூடுதலாகத் தாளிப்பில் போட்டால் குறை தெரியாது.

விசிலே வராமல் கைப்பிடி ஓரம் ஆவி கசிந்தால் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. உறைபெட்டியில் 10 நிமிடம் வைத்து மாட்டினால் அன்றைக்குச் சமாளிக்கலாம், பிறகு புதிது வாங்கிவிடுங்கள். மூடியின் எண்ணை எழுதிக்கொண்டு போனால் தேக்காவின் பாத்திரக் கடைகளில் சரியான வளையத்தை எடுத்துத் தருவார்கள். ஆவித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதில் அலட்சியம் கூடாது.

ஊர்க் காய் கிடைக்கவில்லை

பெயர்தான் வேறு, காய் பல நேரம் அதேதான். சீனக் கடைக்காரர் ‘தோங்குவா’ என்று வெட்டித் தருவது நம் வெண்பூசணி. ‘பாயாம்’ என்னும் கீரை நம் தண்டுக்கீரையின் குடும்பம். கடைந்தால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. காங்கோங் நம் வள்ளைக்கீரை. அதைக் கடைந்தால் நார் நிற்கும், எனவே தண்டைக் கழித்துப் பொரியல் செய்யுங்கள். மலாய்க்காரர்கள் ‘கெத்தோலா’ என்பது பீர்க்கங்காய். நீளப் பயற்றங்காய் காராமணி இனம்தான், அவரைக்காய் கேட்கும் பொரியலுக்கெல்லாம் போடலாம்.

பன்னீர் விலை கூடுதலாகத் தெரிந்தால் தாவ் குவா என்னும் கெட்டித் தோஃபுவைத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, துணியில் ஒற்றி, எண்ணெயில் நான்கு பக்கமும் சிவக்க விடுங்கள். பாலக் மசாலாவில் நன்றாக உட்காரும். பால் ருசி வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டித் தயிரைக் கடைசியில் சேருங்கள். உதிர்த்துச் செய்யும் புர்ஜிக்கும் தாவ் குவா பொருந்தும், ரசகுல்லாவுக்குப் பொருந்தாது.

கறிவேப்பிலைக்கு மட்டும் மாற்று கிடையாது. ரம்பையோ பிரிஞ்சி இலையோ போட்டால் அது வேறு சமையலாகிவிடும். கிடைக்கும்போது உருவிக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும். பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத் தோட்டத்தில் யாராவது ஒருவர் கறிவேப்பிலை வளர்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் மனமாரக் கொடுப்பார்கள்.

அடிபிடித்துவிட்டது

சுரண்டாதீர்கள், கிளறாதீர்கள். மேலே உள்ளதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு ஊற்றி ருசி பாருங்கள். கருகல் வாசனை லேசாக இருந்தால் ஒரு துண்டு பட்டையும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் அடக்கிவிடும். கசப்பு இறங்கியிருந்தால் எதுவும் எடுபடாது. பிரியாணி அடிபிடித்தால் மேல் முக்கால் பாகத்தைத் தட்டில் எடுத்து, அதன் மேல் ஒரு ரொட்டித்துண்டை 10 நிமிடம் மூடிவைத்தால் வாசனை குறையும்.

வெல்லம் போட்டதும் பாயசம் திரிந்தது

வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. கொதிக்கும் பாலில் விழுந்தால் பால் உடையும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பதற்றத்தில் செய்யும்போது இது அடிக்கடி நேரும். வெல்லத்தைத் தனியாகக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து இரண்டையும் கலந்தால் திரியாது. பிறகு சூடுபடுத்த வேண்டுமென்றால் சின்னத் தீ, கொதி கூடாது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றி, கூலா மலாக்காவும் ஒரு முடிச்சு ரம்பை இலையும் போட்டுச் செய்யும் பாசிப்பருப்புப் பாயசத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மதியக் குழம்பு இரவில் நுரைக்கிறது

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் சமையலறை நாள் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. சமைத்த உணவு வெளியே இருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மைதான், ஆனால் ஊரில் மண்சட்டியில் மூடிவைத்ததுபோல் இங்கே அடுப்பின் மேல் விட முடியாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மசாலா ஊறி அந்த ருசி வரும். தேங்காய் அரைத்த குழம்பும் சாம்பாரும் முதலில் கெடும். மேலே நுரை, நூலிழுக்கும் பருப்பு, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, இதில் எது இருந்தாலும் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றில் பெருகும் ஒரு வகைக் கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மதியச் சோற்றில் மீந்ததை இரவுக்கு எடுத்து வைப்பதென்றால், சாப்பிட்டுக் கை கழுவியதும் முதலில் அதைச் சின்ன டப்பாக்களில் பரப்பி உள்ளே வையுங்கள்.